பேணி நசுங்கிய பின்னேரம்

சமூகவியல் படித்த ஒருத்திக்கும் விஞ்ஞான பாடத்திற்கும் என்ன சம்பந்தம் என்று வாசகிகள் கேட்கலாம். நானும் அதையே கேட்டேன். நான் வேலை செய்யும் கிராமமொன்றின் பொதுநோக்கு மண்டபத்தில் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடந்து வருகிறது. 2023ஆம் ஆண்டின் நடுப்பகுதியில், அங்கே விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்த தொண்டர் ஆசிரியைக்கு நியமனம் கிடைத்து, அவர் வேறு மாவட்டத்திற்குப் போய்விட்டார். சந்தோசமான செய்திதான். ஆனால் ஒரு மாதமாகியும் அந்த இடத்திற்கு ஒருவரும் வரவில்லை. பெற்றோர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "நீங்களும் கம்பஸ் முடிச்சனீங்கள்தானே பிள்ளை, ஏழாம் எட்டாம் வகுப்புத்தானே!" கம்பஸில் எல்லோரும் எல்லாவற்றையும் படிப்பார்கள் என்பது எங்கள் சனத்தின் நம்பிக்கை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

உண்மையைச் சொன்னால், விஞ்ஞான பாடம் எனக்குப் பயம். நான் படித்த காலத்தில் வன்னியில் எங்கள் பாடசாலையே மூன்று முறை இடம்பெயர்ந்தது. மரத்தடியிலும் கிடுகுக் கொட்டிலிலும் படித்தோம். பொருளாதாரத் தடை இருந்த நாட்களில் மண்ணெண்ணெய்யும் மெழுகுதிரியுமே கைக்கெட்டாத பொருட்களாயிருக்க, பரிசோதனைக்குழாயை எங்கே காண்பது? "பரிசோதனை" என்பது எங்களுக்குக் கொப்பியில் எழுதும் ஒரு தலைப்பு மட்டும். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, அவதானம், முடிவு. எல்லாவற்றையும் ரீச்சர் சொல்லச்சொல்ல எழுதுவோம். காணாததைக் கண்டதாக எழுதி, அதற்குச் சரி அடையாளமும் வாங்கினோம்.

ஆகவே வளிமண்டல அமுக்கம் என்ற பாடம் வந்தபோது, இந்தப் பிள்ளைகளும் அப்படிப் படிக்கக்கூடாது என்று தீர்மானித்தேன். இரவிரவாகப் புத்தகத்தைப் பார்த்து, விஞ்ஞான ஆசிரியையாக இருக்கும் சினேகிதி ஒருத்தியுடன் தொலைபேசியில் கதைத்து, இரண்டு பரிசோதனைகளைத் தெரிவு செய்தேன். ஒன்று தண்ணீரும் மட்டையும். மற்றது தகரப் பேணி.

அன்று வகுப்பு மட்டுமல்ல, மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் கூட்டமும் அதே மண்டபத்தில் இருந்தது. தலைவி வரப் பிந்தியதால், சேமிப்புக் கொப்பிகளையும் நுண்கடன் அட்டைகளையும் மடியில் வைத்தபடி பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்வாங்குகளில் இருந்தார்கள். எனக்குக் கை நடுங்கியது. பிள்ளைகளுக்கு முன்னால் பிழை விடலாம். தாய்மாருக்கு முன்னால் விடுவது வெட்கம்.

நினைத்தபடியே முதலாவது பிழைத்தது. கிளாஸ் நிறையத் தண்ணீர் விட்டு, கொப்பித்தாள் ஒன்றை நாலாய் மடித்து வாயை மூடி, ஒரு கையால் தாங்கிக் கவிழ்த்து, மெதுவாகக் கையை எடுத்தேன். தாள் ஊறித் தொய்ந்து, தண்ணீர் முழுவதும் என் சீலையில். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பின்வாங்கிலிருந்து ஒரு குரல்: "அது கொப்பித்தாள் நிக்காது பிள்ளை. கலியாணக் காட் ஒண்டு எடுங்கோ. மினுக்குப் பூசினது ஊறாது."

சொன்னவர் நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அக்கா. அவருடைய மகள் என் வகுப்பில் முன்வரிசையில் இருப்பவள். யாரோ சுவரில் செருகியிருந்த பழைய அழைப்பிதழ் ஒன்றை எடுத்துவந்தார்கள். அதை வைத்துக் கவிழ்த்தேன். கையை எடுத்தேன். தண்ணீர் அப்படியே நின்றது. மணமகன், மணமகள் பெயரோடு மட்டை கிளாஸின் வாயில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு கணம் மண்டபத்தில் சத்தமேயில்லை. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் "நானும், நானும்" என்று மேசையைச் சுற்றிக்கொண்டார்கள். தாய்மாரில் இருவரும் அந்த வரிசையில் நின்றதை இங்கே சொல்லத்தான் வேண்டும்.

"ஆர் பிடிச்சிருக்கிறது?" என்று கேட்டேன். "பசை" என்றான் ஒருவன். "மந்திரம்" என்றான் இன்னொருவன். காற்று என்று சொன்னதும் நம்பவில்லை. கணக்குப் போட்டோம். கிளாஸின் வாயை அடிமட்டத்தால் அளந்தால் குறுக்கே 7 சென்றிமீற்றர். அதன் பரப்பு ஏறத்தாழ 38 சதுர சென்றிமீற்றர். கடல்மட்டத்துக்குக் கிட்டிய எங்கள் ஊரில் ஒவ்வொரு சதுர சென்றிமீற்றரிலும் காற்று கிட்டத்தட்ட 1 கிலோகிராம் பாரத்துக்குச் சமமாக அமுக்குகிறது. அப்படியானால் அந்த மட்டையைக் கீழிருந்து தாங்குவது 38 கிலோகிராம். கிளாஸில் இருந்த தண்ணீரோ 200 கிராம்தான். "முக்கால் மூடை சீமெந்து!" என்றான் மேசன் வேலை செய்பவரின் மகன். அந்த உதாரணம் புத்தகத்தில் இல்லை, ஆனால் புத்தகத்திலும் பார்க்க நல்லது.

அப்படியானால் எங்களை ஏன் காற்று நசுக்கவில்லை என்று கேட்டார்கள். காற்று மேலிருந்து மட்டும் அமுக்குவதில்லை, கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் அமுக்குகிறது. எங்கள் உடலுக்குள்ளே இருக்கும் காற்றும் நீரும் இரத்தமும் அதே அளவு வெளியே தள்ளுகின்றன. இரண்டும் சமமாயிருப்பதால் எங்களுக்குத் தெரிவதில்லை.

"அரைவாசித் தண்ணி விட்டா மிஸ்?" என்று அந்த அக்காவின் மகள் கேட்டாள். செய்து பார்த்தோம். அப்போதும் நின்றது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உள்ளேயும் காற்று இருக்கிறதே, அதுவும் கீழே அமுக்குமே, பிறகெப்படி நிற்கும்? "நாளைக்குச் சொல்லுறன்" என்று தப்பிக்கொண்டேன். இரவு சினேகிதி விளக்கினாள். மட்டை மயிரிழையளவு கீழே தொய்யும்போது உள்ளேயிருக்கும் காற்றுக்கு இடம் சற்றுக் கூடி, அதன் அமுக்கம் சற்றுக் குறைகிறதாம். 5 சென்றிமீற்றர் உயரத் தண்ணீரைத் தாங்க வளியமுக்கத்தில் இருநூறில் ஒரு பங்கு வித்தியாசமே போதும். விளிம்பில் இருக்கும் ஈரம் காற்று உள்ளே புகாமல் காக்கிறது. பிள்ளை கேட்ட கேள்வி புத்தகத்தின் விளக்கத்தைவிட ஒரு படி மேலே நின்றது என்று அவளே சொன்னாள்.

மண்டபத்துக்கு முன்னாலுள்ள குழாய்க்கிணற்றையும் காட்டினேன். நீர்மட்டம் ஆழமில்லாத இடத்தில் போட்ட பழைய உறிஞ்சு பம்பி அது. கைப்பிடியை அமுக்க உள்ளேயிருக்கும் முசலம் மேலே எழும்புகிறது, குழாய்க்குள் அமுக்கம் குறைகிறது, வெளிக்காற்று நிலத்தடி நீரை அமுக்கி மேலே ஏற்றுகிறது. தண்ணீரை நாங்கள் இழுப்பதாக இத்தனை வருடமும் நினைத்திருந்தோம். உண்மையில் காற்றுத்தான் தள்ளுகிறது. அதனால்தான் இப்படியான பம்பிக்கு ஓர் எல்லை உண்டு. எவ்வளவு அடித்தாலும் 10 மீற்றருக்கு மேல் தண்ணீர் ஏறாது, நடைமுறையில் 7 மீற்றர் வந்தாலே பெரிய காரியம். அதைவிட ஆழமென்றால் பம்பியின் உருளையையே கீழே தண்ணீருக்குள் இறக்க வேண்டும். இந்த எல்லை ஏன் என்று யோசித்துத்தான் இத்தாலியரான ரொரிசெல்லி 1643இல் தண்ணீருக்குப் பதிலாக இரசத்தை எடுத்து, காற்று அதை 76 சென்றிமீற்றர் உயரத்துக்குத் தாங்குவதைக் கண்டார். இதையெல்லாம் சொல்லி முடிக்க முன், "அப்ப முதல்ல ஒரு செம்பு தண்ணி ஊத்தி அடிக்கிறது ஏன் தெரியுமோ? வாசர் காய்ஞ்சா காத்துப் போகும்" என்று ஒரு அம்மா எழும்பிப் பாடத்தை முடித்துவைத்தார்.

இடையில் ஒரு பையன், நுவரெலியாவில் அம்மம்மா வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் காது அடைப்பதைச் சொன்னான். எங்கள் பகுதியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல உண்டு, அவனுடையதும் ஒன்று. நல்ல கேள்வி. நுவரெலியா ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அமுக்கம் எங்கள் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. காதுக்குள் செவிப்பறை என்ற மெல்லிய தோல் இருக்கிறது. அதற்கு வெளியே அமுக்கம் குறைய, உள்ளே பழைய அமுக்கமே இருக்கும். அந்தத் தோல் வெளியே தள்ளப்படுகிறது. கொட்டாவி விட்டால் அல்லது எச்சில் விழுங்கினால், தொண்டையையும் நடுக்காதையும் இணைக்கும் சிறு குழாய் திறந்து சமமாகிவிடும். கரும்பலகையில் காதின் படம் கீறினேன். படம் ஒரு பலாக்கொட்டை போல வந்தது.

பிறகு பேணி. நகரத்துக் கூல்பாரில் சொல்லிவைத்து வாங்கிய மெல்லிய அலுமினியச் சோடாப் பேணிகள் மூன்று என்னிடம் இருந்தன. ஒன்றில் இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர் விட்டு, சிரட்டைத் தணலில் வைத்தோம். தண்ணீர் கொதித்து வாயால் ஆவி நன்றாக வரும்வரை காத்திருந்தோம். ஆவி உள்ளேயிருந்த காற்றையெல்லாம் வெளியே துரத்திவிடும். பிறகு குறட்டால் பிடித்துத் தூக்கி, குளிர்ந்த தண்ணீர் நிறைந்த சட்டிக்குள் வாய் கீழாக ஒரே கவிழ்ப்பு. ஆவி ஒரு நொடியில் குளிர்ந்து சில துளி நீராகிவிட, உள்ளே ஏறக்குறைய ஒன்றுமில்லை. வெளிக்காற்று நாலாபக்கமும் அமுக்கியது.

"படார்!"

தகரக் கூரையின் கீழ் அந்தச் சத்தம் நான் எதிர்பார்த்ததிலும் பெரிதாக ஒலித்தது. பிள்ளைகள் துள்ளிக் குதித்துக் கைதட்டினார்கள். 2009க்குப் பிறகு பிறந்தவர்கள் அவர்கள். நானும் நசுங்கிய பேணியை உயர்த்திப் பிடித்துச் சிரித்துக்கொண்டு பின்பக்கம் பார்த்தேன்.

பின்வாங்கில் ஒருவரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் நெஞ்சில் கைவைத்தபடி நின்றார்கள். கலியாணக் காட் சொன்ன அக்காவை வாங்கில் காணவில்லை. அவர் நிலத்தில், சுவரோடு ஒட்டிக் குந்தியிருந்தார். பக்கத்திலிருந்த பெண்ணின் மூன்று வயதுக் குழந்தையைப் பிடித்திழுத்துத் தன் வயிற்றோடு அமத்தி, அதன் தலைக்கு மேலே தன் தலையைக் கவிழ்த்திருந்தார். குழந்தை வீறிட்டு அழுதது.

நான் உளசமூகப் பணி செய்பவள். திடீர்ச் சத்தம் எவ்வளவு காலத்துக்குப் பிறகும் என்ன செய்யும் என்று எத்தனையோ பயிற்சிப் பட்டறைகளில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். "முன்கூட்டியே அறிவியுங்கள்" என்று அதன் கீழே கோடும் போட்டிருக்கிறேன். அன்று பரிசோதனை சரிவர வேண்டுமே என்ற பதற்றத்தில் அது என் நினைவுக்கே வரவில்லை. இப்போதும் இதை எழுதும்போது கூச்சமாகத்தான் இருக்கிறது.

போய் அருகில் இருந்தேன். தண்ணீர் கொடுத்தார்கள். "பயப்படுத்திப்போட்டன் அக்கா, என்ர பிழை" என்றேன். அவர் மறுமொழி சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. பிறகுதான் கவனித்தேன், நான் இருந்தது அவருடைய இடது பக்கத்தில். மகள் வந்து, "அம்மா, மிஸ் கதைக்கிறா" என்று சற்றுக் கோபத்தோடு சொன்னாள். "எப்பவும் இப்பிடித்தான் மிஸ். நான் கூப்பிட்டாலும் திரும்பமாட்டா. கேட்டும் கேளாத மாதிரி இருப்பா."

அந்த அக்கா மகளைப் பார்த்தார். பிறகு கரும்பலகையில் இருந்த என் பலாக்கொட்டைக் காதைப் பார்த்தார். "அந்தத் தோல் கிழியுமோ பிள்ளை?" என்று கேட்டார்.

கிழியும் என்றேன்.

அதன் பிறகு அவர் சொன்னது நீளமில்லை. 2009ஆம் ஆண்டு மாசி மாதம், பங்கருக்கு மேலே பக்கத்தில் ஷெல் விழுந்தது. காயமில்லை. காதால் கொஞ்சம் இரத்தம் வந்தது. இரத்தத்தோடு கை கால் போனவர்கள் சுற்றிவரக் கிடக்க, காது வலிக்கிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது? முகாமிலும் சொல்லவில்லை. மீள்குடியேறிய பிறகும் சொல்லவில்லை. இடது காது கேட்பதில்லை. அதைவிட மோசம், அந்தக் காதுக்குள் இரவு பகலாய் ஒரு இரைச்சல், வண்டு போல. "தலைக்குள்ள இரையுது எண்டு சொன்னா விசர் எண்டுதானே சொல்லுவினம். பொம்பிளைப் பிள்ளையை வைச்சிருக்கிறன். தாய்க்கு விசர் எண்டு பேர் வந்தா?"

பதினான்கு வருடங்கள்.

மகள் அசையாமல் நின்றாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பிறந்த நாளிலிருந்து அம்மாவின் இடது பக்கத்தில் நின்று கூப்பிட்டு மறுமொழி கிடைக்காமல் போன நேரங்களையெல்லாம் அவள் மனதில் எண்ணிப் பார்த்திருப்பாளோ என்னவோ. ஒன்றும் சொல்லவில்லை. எழும்பிப் போய்த் தாயின் வலது பக்கத்தில் இருந்துகொண்டாள்.

வெடிப்பும் காற்றமுக்கம்தான். குண்டு வெடிக்கும்போது காற்று ஒரு சுவர் போல இறுகி அலையாகப் பாய்கிறது. துண்டு படாதவரையும் அந்த அலை தொடும். உடலில் அதற்கு முதலில் இடங்கொடுப்பது செவிப்பறை. சிறிய கிழிசல்களில் பெரும்பாலானவை சில வாரங்களிலோ மாதங்களிலோ தாமாகவே மூடிவிடும். மூடாமல் நின்றுவிட்டால், எத்தனை வருடத்துக்குப் பிறகும் வைத்தியர் பார்த்து, தேவையென்றால் சத்திரசிகிச்சையால் மூட முடியும். உட்காது பாதிக்கப்பட்டிருந்தால் அது பழையபடி திரும்பாது, ஆனால் கேட்டல் கருவி உதவலாம். காதிரைச்சல் விசரில்லை. பாதிக்கப்பட்ட காதிலிருந்து வரும் ஒரு அறிகுறி அது. இவற்றில் பாதியை அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பிறகு வைத்தியரிடம் கேட்டறிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். ஓட்டைக் காதுக்குள் நல்லெண்ணெய், உள்ளிச் சாறு, தாய்ப்பால் எதையும் விடவேண்டாம் என்றும், முழுகும்போது தண்ணீர் போகாமல் பார்க்கவேண்டும் என்றும் அவர் கண்டிப்பாகச் சொன்னார். அந்த அக்கா மாதத்தில் இரண்டு தடவை காய்ச்சிய எண்ணெய் விட்டுவந்திருக்கிறார்.

அன்று நடந்த இன்னொன்றையும் எழுதவேண்டும். வகுப்பை முடிப்போம் என்று நான் பொருட்களை அடுக்கத் தொடங்கியபோது அந்த அக்கா கேட்டார்: "இன்னும் பேணி இருக்கோ?"

"இருக்கு அக்கா. வேண்டாம், விடுவம்."

"இல்லைப் பிள்ளை. இன்னொருக்காச் செய்யுங்கோ. இந்த முறை நான் பிடிக்கிறன். எப்ப சத்தம் வருமெண்டு எனக்குத் தெரியும்தானே."

நான் தயங்கினேன். ஒருவர் கேட்கிறார் என்பதற்காகச் செய்வது சரியா, மற்றப் பெண்கள் என்னாவது என்று யோசித்தேன். எல்லோரையும் கேட்டேன். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே வேம்படிக்குப் போனார். போக விரும்பியவர்கள் போகலாம் என்று சொன்னேன், மூன்று பேர் போனார்கள். மற்றவர்கள் நின்றார்கள்.

பேணி கொதித்தது. அக்கா குறட்டை இறுக்கிப் பிடித்தார். கை நடுங்கியது. பிள்ளைகள் ஒருவரும் சொல்லிக்கொடுக்காமலே எண்ணத் தொடங்கினார்கள். "மூண்டு... ரண்டு... ஒண்டு..." கவிழ்த்தார். "படார்!" கண்ணை இறுக மூடித் திறந்தார். சட்டிக்குள் பார்த்தார். "இவ்வளவுதானோ?" என்றார். பிறகு, "மற்றதையும் தாங்கோ" என்றார்.

மூன்றாவதையும் அவரே செய்தார். அந்த முறை மகள் எண்ணினாள்.

(வீட்டில் செய்து பார்க்க விரும்பும் தாய்மாருக்கு ஒரு வார்த்தை. பேணியின் வாயை மூடிக்கொண்டு ஒருபோதும் சூடாக்கக்கூடாது, வெடிக்கும். பிள்ளைகள் எட்டி நிற்கட்டும். அக்கம்பக்கத்தாருக்கும் முதலே சொல்லிவிடுங்கள்.)

அடுத்த கிழமை இருவருமாகப் பிரதேச வைத்தியசாலைக்குப் போனோம். அங்கிருந்து கடிதம் வாங்கி, பெரிய வைத்தியசாலையின் காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்குக்குப் போக மேலும் ஆறு கிழமை. காலை ஐந்தரை பஸ், நீண்ட வரிசை, இலக்கத் துண்டு. கூலி வேலைக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு அது ஒரு நாள் சம்பளம் என்பதை வரிசையில் நிற்கும்போதுதான் உணர்ந்தேன். பார்க்கும் நேரமோ ஐந்து நிமிடம். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறது, மூடவில்லை, கேட்கும் திறனை அளக்க வேண்டும் என்றார் வைத்தியர். அளந்ததில் இடது காதில் கொஞ்சம் கேட்கிறது என்று வந்தது. முற்றாகப் போய்விட்டது என்றே அந்த அக்கா இத்தனை காலமும் நம்பியிருந்தார். சத்திரசிகிச்சைக்குக் காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பதிந்தார்கள். இரைச்சல் முழுதாக நிற்குமென்று உறுதி தரமுடியாது என்றும் சொன்னார்கள். அதைக் கேட்டு அவர் கவலைப்படுவார் என்று நினைத்தேன். "அது கிடக்கட்டும், என்னண்டு தெரிஞ்சா காணும்" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவருக்கு. அவருடைய வலது பக்கத்தில் நான். ஊர் வரும்வரை ஓயாமல் கதைத்துக்கொண்டு வந்தார், பெரும்பாலும் மகளின் கணித புள்ளிகளைப் பற்றி. சங்கத்தில் இன்னும் இரண்டு பெண்கள் தங்களுக்கும் அப்படி இரைவதாக இரகசியமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்பதையும் அந்த வழியில்தான் சொன்னார்.

அடுத்த கிளினிக் நாளுக்கு முதல் நாள் மகள் என்னிடம் வந்தாள். "நாளைக்கு வகுப்புக்கு வரமாட்டன் மிஸ். அம்மாவோட நான் போறன். டொக்டர் இடப்பக்கம் நிண்டு சொன்னா அவவுக்குக் கேளாது."